மடியில் வைத்த சொம்பு

கிரிஜா என் தம்பி பெண்டாட்டி. நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வரும். அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தைதான் இருக்கிறது. கசப்பையெல்லாம் என் கூடப்பிறந்தவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

லால்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நேராகப் புனே பக்கத்துப் பிம்ப்ரிக்கு வந்தாள். என் தம்பி ஜம்புநாதன் அப்போது ஒரு மருந்து ஃபாக்டரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அதற்கு முன்பே காலேவாடியில் குடியிருந்தேன். அவர்களுக்கும் அடுத்த சந்திலேயே வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். வந்த புதிதில் அவளைக் கேம்ப் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தான். அவனே பொறுக்கி எடுத்தது. அளவு சிறிது. குதிகால் பாதி வெளியே தொங்கியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறாள்.

அந்தச் செருப்பு அறுந்து விழுகிறவரை அதைத்தான் போட்டு நடந்தாள். குதிகாலில் புண் வந்து, காய்ந்து, தோல் தடித்துப்போனது. "மாத்திக் கேக்க வாய் இல்லையாடி உனக்கு?" என்று நான் கேட்டதற்கு, "ஆசையா வாங்கிட்டு வந்தாங்க அண்ணி" என்றாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஜனத்தில் பெண்ணுக்குச் சடை பின்னக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார்கள். புருஷன் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கக் கூடாது. எனக்கும்தான் சொன்னார்கள். என் மண்டையில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கிவந்த புடவையைக் கடைக்கே கொண்டுபோய் வீசிவிட்டு வேறு வாங்கி வந்தவள் நான். அதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கிரிஜாவுக்குத் தங்கம் என்று பெயர்.

சும்மா உட்கார்ந்து தின்றவளும் இல்லை. வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றாள். இங்கே வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பையன்களுக்குக் கிரிஜா ஆன்ட்டி மாவு என்றால் உயிர். கராடியிலிருந்துகூட ஆள் அனுப்பி வாங்கிப் போவார்கள். அந்தக் கிரைண்டர் கல்லைத் தினமும் தூக்கித் தூக்கித்தான் முதுகு போயிற்று. முதலில் இடுப்பில் பிடித்தது. அப்புறம் இடது தொடை வழியாக நெருப்புக் கோடு மாதிரி இறங்குகிறது என்றாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை.

நான்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மராத்திக்கார டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். படுத்து எழுந்து பத்திரமாக இருந்தால் கத்தியில்லாமலே சரியாகலாம். ஆனால் குலுங்கக் கூடாது. ஸ்கூட்டர் கூடாது, பள்ளத்தில் ஆட்டோ கூடாது. "ஒரு பெரிய அடி விழுந்தால் கால் போய்விடும். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்" என்று கிரிஜாவைப் பார்த்துச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன்.

இப்போது அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜம்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பிக்கப் வாங்கினான். சின்ன யானை மாதிரி இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும், மண்ணோ பாறையோ ஓடையோ நிற்காமல் ஏறும். முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. மலைமேல் டவர் போடுகிறவர்கள், பண்ணை வீடு கட்டுகிறவர்களுக்கு ஜெனரேட்டர், சிமெண்டு, பம்புசெட்டு ஏற்றிக்கொண்டு போவான். வேறு வண்டி போகாத இடத்துக்குத் தன் வண்டி போகும் என்பதில் அவனுக்கு ஒரு கர்வம். பொருள் ஏற்றினால் நன்றாகத்தான் போகும். காலியாக ஓட்டினால் ஆட்டுக்கிடா. சின்னக் கல்லுக்கும் தூக்கிப் போடும்.

அந்த வண்டியில் கிரிஜா எதற்கு ஏற வேண்டும்? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

அவர்களுக்கு ஒரே பெண், தேஜஸ்வினி. முல்ஷி அணைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் வாத்தியார் வேலை கிடைத்துப் போனவள், அந்த ஊர்ப் பையன் நிலேஷையே கட்டிக்கொண்டாள். நல்ல பையன். நெல் போடுகிற குடும்பம். தார்ரோடு முடிகிற இடத்திலிருந்து அவர்கள் வீடுவரை கல்லும் ஓடையும்தான். தேஜுவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு மலையை விட்டு இறங்கக் கூடாது, கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் வளைகாப்பு? அங்கேதான் செய்தாக வேண்டும். பெற்ற தாய் போய் வேப்பிலைக் காப்பை முதலில் போட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கண்ணாடி வளையல் போடுவார்கள்.

"நான் போகணும் அண்ணி. இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்" என்றாள் கிரிஜா. அவள் வாயிலிருந்து 'வேணும்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நிலேஷ் ஒரு வழி சொன்னான். மலையில் நோயாளிகளை டோலியில் தூக்குவார்கள். மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தொட்டில் மாதிரி செய்து நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். "தார்ரோடு வரைக்கும் காரில் வாருங்கள். அங்கேயிருந்து நாங்கள் ஆயியைத் தூக்கிக்கொண்டு போகிறோம், ஒரு ஆட்டம் இருக்காது" என்று ஃபோனில் சொன்னான். மாமியாரை அவன் ஆயி, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

ஜம்பு குதித்தான். "என் பொண்டாட்டி என்ன பொணமா, நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு? மலையேற வண்டிய வாசல்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு சம்பந்தி வீட்டுக்கு மூங்கில்ல தொங்கிட்டுப் போவாளா?"

"தொங்கினா என்னடா? கால் மிஞ்சுமே" என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. அந்த வண்டிய மெத்தை மாதிரி ஆக்கிக் காட்டறேன். இவ தூங்கிட்டே வரலாம். என்ன கிரிஜா?"

"அவங்க பாத்துப்பாங்க அண்ணி" என்றாள் கிரிஜா.

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. போசரியில் காம்ப்ளே என்று ஒரு மெக்கானிக். லாரிக்கும் பிக்கப்புக்கும் கமான்பட்டா கட்டுகிறவன். கமான்பட்டா என்றால் வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள். வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான். முதல் நாளே காம்ப்ளே சொன்னான், நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"காகா, இது பாரம் தூக்கச் செஞ்ச வண்டி. காலியா ஓடினா பட்டா வளையவே வளையாது, அதான் குதிக்குது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பின்னாடி நாலு மணல் மூட்டையப் போட்டு ஓட்டு, அமுங்கிப் போகும். இல்லேன்னா பட்டாவக் குறைச்சுடறேன், காலியாவே மெத்துனு போகும். ஆனா குறைச்சா அப்புறம் பாரம் ஏத்தக் கூடாது." அவன் ஹிந்தியும் மராத்தியுமாகச் சொன்னதை நான் நம் பாஷையில் சொல்கிறேன். விஷயம் அவ்வளவுதான். எனக்கே புரிந்தது.

ஜம்பு ஒரேயடியாகப் பட்டையில் கை வைக்கவில்லை. முதலில் டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தான். அடுத்த வாரம் அதிர்ச்சி தாங்குகிற ஷாக்கர் நாலையும் கழற்றிவிட்டுத் தடியாக வேறு போட்டான். அப்புறம் தேய்ந்துபோன ரப்பர்களை மாற்றினான். ஒவ்வொன்றும் செய்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கிரிஜாவை முன்சீட்டில் உட்கார வைத்து, மோஷிப் பக்கம் கல்குவாரி ரோட்டில் ஓட்டிப் பார்ப்பான். கிரிஜா மடியில் ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பு நிறையத் தண்ணீர். தண்ணீர் எவ்வளவு சிந்துகிறது என்று பார்த்து வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று கண்டுபிடிப்பானாம். இது என் தம்பி மூளையில் உதித்த யோசனை.

குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பெண்ணை, குலுங்குகிறதா என்று பார்ப்பதற்காகக் குவாரி ரோட்டில் ஏற்றிக்கொண்டு போகிறான். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. "அவ போகப்போற வண்டி. அவ உக்காந்து பாக்காம ஊர்ல இருக்கறவளா உக்காந்து பாப்பா?"

"நான் உக்காந்து பாக்கறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பின்சீட்டில் ஏறினேன்.

குவாரி ரோடு ஆரம்பித்ததும் என் பல்செட்டு வாயிலேயே தாளம் போட்டது. தலை கூரையில் இடித்தது. நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கிரிஜாவைப் பார்த்தேன். அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. பள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு கையால் மேலே இருக்கும் பிடியைப் பிடித்து உடம்பைச் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிக்கொள்கிறாள். இன்னொரு கையில் சொம்பு. அடி விழுகிறபோது தோளும் முழங்கையும் வளைந்து கொடுக்கின்றன, சொம்பு அப்படியே நிற்கிறது. சின்ன வயதிலிருந்து இடுப்பில் குடமும் கையில் தவலையுமாகத் தண்ணீர் தூக்கியவள். அவள் கையில் கொடுத்த தண்ணீர் எங்கே சிந்தும்? அவள் மேலுதடு வியர்த்திருந்ததை நான் பார்த்தேன். அவன் சொம்பைப் பார்த்தான்.

"பாத்தியா? ஒரு சொட்டு சிந்தல!" என்றான்.

"இது வண்டியாடா, ஆட்டுக்கல்லாடா? என் குடலு எடம் மாறிப்போச்சு!"

"உனக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும். கிரிஜா, உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. போன வாரத்துக்கு இது எவ்வளவோ தேவல."

"டேய், அந்தச் சொம்பத் தரையில வைடா. அவ கையில குடுக்காத" என்றேன்.

"தரையில வெச்சா உருண்டுடும்."

"உருளட்டும்! உருளுதான்னு பாக்கத்தானேடா வந்த?"

அவன் வண்டியைத் திருப்பினான். பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்பது அவன் எண்ணம். வீட்டுக்கு வந்ததும் நான் அவளைச் சமையல்கட்டில் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதுன்னு சொல்லேண்டி. வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லேன்."

"சொன்னா, நீ வர வேணாம், வீட்லயே இருன்னுடுவாங்க. அப்புறம் யாரு போயி காப்புப் போடறது?" என்று மாவைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "டோலிக்கு ஒத்துக்கவா போறாங்க?"

அவள் சொன்னது நிஜம்.

கடைசியில் பட்டையில் கை வைத்தான். காம்ப்ளே இரண்டு பக்கமும் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி எடுத்து ஓரமாக அடுக்கினான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் அவன் நேராகக் கிரிஜாவிடமே வந்து கேட்டான், "காகூ, பரோபர் ஆஹே கா? சரியா இருக்கா?"

"சாங்கல ஆஹே" என்றாள். மராத்தியிலும் அவளுக்கு அதே பதில்தான். ஆனால் அந்தத் தடவை அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. காலி வண்டி முன்னைப்போலக் குதிக்கவில்லை, படகு மாதிரி ஆடி ஆடிப் போனது. பட்டையைக் குறைத்து நாலு பேரோடு போயிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. காம்ப்ளே ஜம்புவிடம் இன்னொரு தடவை சொன்னான். "காகா, இப்ப பாரம் வேணாம். பாரம் ஏத்தணும்னா வாங்க, பட்டாவத் திருப்பிப் போட்டுத் தரேன்."

வளைகாப்பு நாள் வந்தது. ஆடி பிறப்பதற்கு முன்னால் வைத்த நாள், நல்ல மழைக்காலம். விடிந்ததும் வெளியே வந்து பார்க்கிறேன், வண்டியின் தொட்டி நிறைந்து கிடக்கிறது. சீர். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பழக்கூடைகள், புளியோதரை, தேங்காய்ச் சாதம் என்று ஏழு வகைச் சோறும் ஏழு பெரிய அடுக்கில். அதற்கும் மேல் இரண்டு அரிசி மூட்டை.

"நெல்லு வெளையற வீட்டுக்கு அரிசி மூட்டையா கொண்டுபோவ?" என்றேன்.

"சம்பந்தி வீட்ல வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றியா?"

மூட்டைக்கு மேல் எங்கள் சந்துப் பெண்கள் வேறு, தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் தொட்டியிலிருந்து கையாட்டினாள். "அண்ணே, பாட்டுப் போடுங்க! டூருக்குல்ல போறோம்!"

"ஜம்பு, பாரம் ஏத்தாதன்னு காம்ப்ளே படிச்சுப் படிச்சுச் சொன்னான்டா."

"அதே காம்ப்ளேதான்க்கா சொன்னான், பாரம் போட்டா அமுங்கி மெத்துனு போகும்னு. பட்டாவும் கொறச்சாச்சு, பாரமும் போட்டாச்சு. இதவிட மெத்துனு எந்த வண்டி போகும்?"

இரண்டு வைத்தியத்தில் ஒன்றைச் செய் என்று சொன்னால் இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனிடம் என்ன பேசுவது? நிலேஷ் ஆளை அனுப்பி, டோலியைத் தார்ரோடு முடிகிற இடத்திலேயே வைத்திருந்தான். ஒருவேளை தேவைப்படலாம் என்று. நாங்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது நாலு பேர் மூங்கிலைச் சாய்த்து வைத்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார்கள். ஜம்பு ஹாரன் அடித்து, கையை ஆட்டிவிட்டு அவர்களைத் தாண்டினான்.

அதுவரை வந்த தார்ரோட்டில் வண்டி நிஜமாகவே மெத்தென்றுதான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கிரிஜா கண்ணை மூடி ஒரு கோழித்தூக்கம்கூடப் போட்டாள். அவள் மடியில் வளையல் தாம்பாளம். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், நடுவில் வேப்பங்கொத்தை வளைத்துக் கட்டிய காப்பு. ஜம்பு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கல்ரோடு தொடங்கியதும் முதல் பள்ளத்திலேயே தடால் என்று கேட்டது. முன்பு கேட்ட சத்தம் இல்லை இது. பாரத்தைத் தாங்கப் போதுமான பட்டை இல்லாமல் வண்டி முழுசாக அமுங்கி, அடியில் இரும்பும் இரும்பும் மோதின. அந்த அடி சீட்டு வழியாக நேராக முதுகெலும்பில் ஏறியது. எனக்கே கண்ணில் பூச்சி பறந்தது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். "நாங்கள்லாம் எறங்கி நடந்து வரோம். மூட்டைய எறக்கி வை."

அவன் நிறுத்தினான். நிறுத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். கிரிஜா பக்கம் திரும்பி, "என்ன, முடியலையா?" என்று கேட்டான்.

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முன்கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. போங்க. ராகுகாலம் வந்துடும்" என்றாள்.

"அவ சொல்லலன்னா நான் சொல்றேண்டா, நிறுத்து!"

"யாருக்கு முதுகு வலி, உனக்கா அவளுக்கா?" என்று அவன் கியரைப் போட்டான்.

அதற்குப் பிறகு எத்தனை தடால் என்று எண்ணுகிற தைரியம் எனக்கு இல்லை. கடைசியாக ஓடையில் இறங்கி ஏறும் இடம். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறும்போது விழுந்த அடியில் தாம்பாளம் சாய்ந்து, வளையல்கள் கலகலவென்று அவள் காலடியில் கொட்டின. "எடுத்துக்கோடி, மிதிச்சுடாத" என்றேன். அவள் குனியவில்லை. இடது காலின்மேல் ஒரு சிவப்பு வளையல் கிடந்தது. அந்தக் கால் அசையவே இல்லை. அவள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய காலோ போல.

சம்பந்தி வீட்டு வாசலில் மேளம்கூட வைத்திருந்தார்கள். எல்லோரும் இறங்கினோம். கிரிஜா இறங்கவில்லை. ஜம்பு கதவைத் திறந்து, "வா, கையக் குடு" என்று நின்றான். அவள் மெதுவாக, "எறங்க முடியலங்க" என்றாள்.

தேஜு வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடைக்குள் ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, மராத்தி கலந்துதான் வரும். "அம்மா, தூ கீழே வா ந! எல்லாரும் வெயிட் பண்றாங்க. காய் ஜாலா? அத்தை, அம்மாக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடி. கைய நீட்டு" என்றாள் கிரிஜா.

வண்டிக் கதவைத் திறந்து வைத்தபடி, மழையில், பெண்ணை வெளியே நிற்க வைத்துச் சீட்டில் உட்கார்ந்தே வேப்பிலைக் காப்பைப் போட்டாள். நான் காலடியில் கிடந்த வளையல்களைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தேன். உடைந்ததை ஒதுக்கிவிட்டு மீதியை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தேஜு முதலில் சிரித்தாள், நடுவில் எதற்கென்று தெரியாமலே அழ ஆரம்பித்தாள். "காப்புப் போடறப்ப அழக் கூடாது" என்று கிரிஜா அவளை அதட்டினாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரன் மட்டும் விஷயம் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

நிலேஷ் ஓடிப்போய் டோலிக்காரர்களைக் கூட்டிவந்தான். அந்த மூங்கிலிலேயே அவளைப் படுக்க வைத்து நாலு பேர் மலையிறங்கினார்கள். அதில் ஒரு தோள் நிலேஷுடையது. நான் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு ஆட்டம் இல்லை. பின்னால் என் தம்பி காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

தார்ரோட்டிலிருந்து காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அன்றைக்கே ஆப்பரேஷன் செய்தார்கள். நரம்பை நசுக்கிய துண்டை எடுத்துவிட்டார்களாம். வலி போய்விட்டது. ஆனால் இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. பாதம் தொங்கிவிட்டது. வந்தால் வரலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. குலுங்கக் கூடாது என்று சொன்னேனே என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து விசாரிக்கிறவர்களிடமெல்லாம் ஜம்பு ஒன்றையே சொன்னான். "அவளே நல்லா இருக்குன்னு சொன்னா. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். கேக்காம ஒண்ணும் செய்யல. சொம்புத் தண்ணி ஒரு சொட்டு சிந்தல, எங்கக்காவையே கேளுங்க."

கேட்டார்கள். நான் சொன்னேன். "ஆமா, சிந்தல. முப்பது வருஷமா பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காதவன், சொம்பப் பாத்துட்டிருந்தான்." அவன் எழுந்து படியிறங்கிப் போய்விட்டான். அப்புறம் கொஞ்ச காலம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். நான் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, இனியும் மாட்டேன்.

அவன் ராட்சசன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். குடிக்கிறவனாக, அடிக்கிறவனாக இருந்தால் ஊரே அவனைத் திட்டும். இவன் பெண்டாட்டிக்காக வண்டியையே பிரித்து மேய்ந்தவன் என்று ஊர் இவனுக்காக இரக்கப்படுகிறது. அந்தோணியம்மாளே சொல்கிறாள், "பாவம் அண்ணன், எவ்வளவு பாடுபட்டாரு. கிரிஜாக்காதான் மறைச்சுட்டாங்க." இப்படித்தான் பேச்சு முடிகிறது. குற்றம் கடைசியில் அவள் தலையில் போய் உட்காருகிறது.

காம்ப்ளே ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "காகூ, உங்ககிட்டத்தானே கேட்டேன்" என்றான். கிரிஜா அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பட்டைகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். வண்டி பழையபடி சிமெண்டு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறது.

கடைசி மாதத்தில் தேஜுவை நிலேஷ் டோலியில் இறக்கி, காரில் ஏற்றி, பூப்போலக் கொண்டுவந்து சேர்த்தான். ஜம்பு அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கருகருவென்று முடி.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டல். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது பெண்ணைப் பெற்றவளின் வேலை. கிரிஜா யாரையும் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். பலகையில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, இரண்டு காலையும் நீட்டினாள். இடது காலைக் கையால் எடுத்துத்தான் நீட்ட வேண்டியிருந்தது. நான் எண்ணெய் தடவிய குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன்.

குழந்தையைப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் செய்வது போல வெந்நீரைத் தன் காலில் விட்டுப் பார்த்தாள். வலது கால் சுருங்கியது. இடது கால் நீட்டினபடி கிடந்தது. இன்னொரு தடவை அதன்மேல் விட்டாள். தோல் சிவந்தது.

"அண்ணி, இந்தக் கால நம்பிப் பிள்ளையப் போட முடியாது. நழுவினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தபடியே நகர்ந்து சுவரோரம் போனாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். என் காலில் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதல் குவளையை ஊற்றினேன். வீல் என்று கத்தியது. தேஜு பதறிக்கொண்டு கதவருகே ஓடிவந்து, "ஷ்ஷ், ஷ்ஷ், ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நீ சும்மா இருடி, அது கத்தட்டும்" என்றாள் கிரிஜா. "சூடா இருக்குன்னு சொல்லுது."

நான் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவினேன்.